நாற்பது ஓட்டை

என் சைக்கிளின் பின்சக்கர ஹப்பை எண்ணெய்த் துணியால் துடைத்தால் 58 என்றும், பக்கத்தில் 4 என்றும் தெரியும். 1958 ஏப்ரலில் செய்தது என்று பொருள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செய்த மூன்று கியர் ஹப். என்னைவிட மூத்தது. பழைய சாமான் கடையில் ஒரு துருப்பிடித்த சக்கரத்தோடு எடைக்கு வாங்கினேன். கடைக்காரருக்கு அது வெறும் இரும்பு.

இதன் கியர் எல்லாம் வயிற்றுக்குள். வெளியே பார்த்தால் பால்காரர் சைக்கிள் போல ஒரே செயின், ஒரே பல்சக்கரம். உள்ளே, அச்சோடு அசையாமல் நிற்கிற 20 பல் சக்கரம் ஒன்று. அதைச் சுற்றி 20 பல் கொண்ட குட்டிச் சக்கரங்கள் நான்கு. அவற்றை வளைத்துக்கொண்டு, உட்பக்கம் 60 பல் வெட்டிய வளையம். வளையத்தை மிதித்துக் குட்டிகளின் கூண்டு வழியாகச் சக்கரத்தைச் சுற்றினால் முக்கால் மடங்கு வேகம். கூண்டை மிதித்து வளையம் வழியாகச் சுற்றினால் ஒன்றே கால் மடங்குக்கும் சற்று மேல், சரியாகச் சொன்னால் மூன்றில் நான்கு. நடுக் கியரில் மிதித்தது மிதித்தபடி. மழைச் சேறு உள்ளே போகாது. எல்லாவற்றையும்விட, சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். மாதம் ஒருமுறை சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

சென்னையில் கியர் எதற்கு, மலையா இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மேம்பாலத்தில் மிதித்து ஏறாதவர்கள் கேட்கும் கேள்வி அது. போதாததற்கு என் அலுவலகம் மேற்கே, வீடு கிழக்கே. சாயங்காலம் கடல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்போது அந்த முக்கால் மடங்குதான் என்னை வீடு சேர்க்கிறது.

இப்படி ஹப்பைக் கொண்டாடிக்கொண்டே இருந்ததில் ரிம்மை நான் பார்க்கவே இல்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் ராயப்பேட்டைப் பக்கம் சிக்னல் விழுந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போய், முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் முட்டியது. ஆட்டோக்காரர் இறங்கக்கூட இல்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, "வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்றார். நியாயமான கேள்வி.

குற்றம் பிரேக்கில் இல்லை. இரும்பு ரிம்மின் மேல் குரோமியம் பூசியிருக்கும். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், நனைந்தால் நடந்துகொள்வதும் கண்ணாடி போலத்தான். ரப்பர்க் கட்டை அதைப் பிடிக்காமல் தடவிக்கொண்டே போகும். அலுமினியம் கொஞ்சம் மெத்தென்ற உலோகம். கட்டைக்கு அதில் பிடிமானம் உண்டு, நனைந்தாலும் ஒரு சுற்றில் தண்ணீரை வழித்துவிடும். ஆகவே அலாய் ரிம் மாற்றிவிடலாம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தது. முதலில் அளவு. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரத்தை 28 இன்ச் என்கிறோம். இப்போது வருகிற கியர் சைக்கிள்களில் பலவற்றின் 700சி டயரிலும் 28 என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. டயர் உட்காரும் இடத்தின் விட்டம் பழையதில் 635 மில்லிமீட்டர், புதியதில் 622. 28 இன்ச், 700 என்பதெல்லாம் ரிம்மின் அளவே அல்ல; ஒரு காலத்தில் காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தைக் குறித்தவை. டயர் மெலிந்தும் பருத்தும் போன பிறகு பெயர் மட்டும் ரிம்மோடு ஒட்டிக்கொண்டது. பின்சக்கரத்துக்கும் 622 போட்டால் ஒரு சுற்றுக்கு நாலு சென்டிமீட்டர் குறைவாகத்தான் போவேன் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் தூங்கியிருக்கலாம்.

அடுத்தது ஓட்டை. அலாய் ரிம் வேண்டிய மட்டும் கிடைக்கிறது: 32 ஓட்டை, 36 ஓட்டை. என் ஹப்பில் 40.

பழைய பிரிட்டிஷ் சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. ஆளின் பாரமும் கேரியர் மூட்டையும் பின்னால்தானே விழுகின்றன? 36-ம் 36-ம் சேர்ந்தாலும் அதே 72 கம்பிதான். ஆனால் பாரம் விழும் பக்கம் நான்கு கம்பியைக் கூட்டி வைத்த அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. அதே கணக்கு கப்பலேறி இங்கே வந்தது. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டாக 1949-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், ராலே கூட்டில் அசன்சோலில் எழுந்த சென்-ராலே என்று வந்த வழிகள் உண்டு. நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஆலை 2000-இல் மூடப்பட்டு, பெயர் தைவான் கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. 40 ஓட்டை இரும்பு ரிம்மோ இன்னும் நம் ஊர்ச் சைக்கிள் கடைக் கொக்கியில் தொங்குகிறது.

அலாயில் 40 ஓட்டை வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். விலை முழு சைக்கிளின் விலையைத் தாண்டுகிறது. இன்னொரு வழி, 36 ஓட்டை உள்ள அதே ரக ஹப் கூட்டைத் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் குடலை அப்படியே எடுத்து அதில் வைப்பது. பொருந்தும். ஆனால் 58, 4 என்ற எழுத்து பழைய கூட்டோடு போய்விடும். மனம் ஒப்பவில்லை. இதையெல்லாம் காரணம் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

கடைசியில் எங்கள் தெருமுனைக் கடை பாயிடம் போனேன். ஹப், ஓட்டை, விட்டம் என்று நான் சொன்னதையெல்லாம் ஒரு டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி எத்தன கம்பி சார்?"

"32."

"அப்ப முன்னாடி அலாய் போட்டுக்குங்க. பின்னாடி இரும்பே இருக்கட்டும். வண்டிய நிறுத்துறது முன் பிரேக்குதானே?"

பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது; பிடிமானம் முன்சக்கரத்துக்குத்தான் அதிகம். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று வாரமாகப் பின்சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன், கியர் அங்கே இருக்கிறது என்பதற்காக.

இரட்டைச் சுவர் அலாய் ரிம் ஒன்று வாங்கினோம். 622, 32 ஓட்டை. உயரமான ரிம் என்பதால் பழைய கம்பி உதவாது. கம்பி நீளம் மிஞ்சினால் நிப்பிளைத் தாண்டி வந்து டியூப்பைக் குத்தும். குறைந்தால் மரை பிடிக்காது. பாய் துருப்பிடித்த ஒரு இரும்பு ஸ்கேலால் அளந்து, வாயால் கணக்குப் போட்டு, புதுக் கம்பி எடுத்துவரச் சொன்னார். மில்லிமீட்டர் பிசகவில்லை. சக்கரத்தைச் சுழலவிட்டு, சாக்பீஸை ஓரத்தில் பிடித்து, கோடு விழுந்த இடத்தில் நிப்பிளைத் திருப்பித் திருப்பிக் கோட்டம் எடுத்தார். ரிம் சிறுத்ததால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டியிருந்தது. கட்டையைப் பிடிக்கிற காடியில் அவ்வளவு இடம் இருந்தது என் அதிர்ஷ்டம்.

பின்சக்கரத்துக்குப் புது இரும்பு ரிம், 40 ஓட்டை, அதே கொக்கியிலிருந்து. இதில் ஒரு வசதி. கியர் ஹப்பில் பல்சக்கர அடுக்கு இல்லாததால் ரிம் ஏறக்குறைய ஹப்பின் நடுவிலேயே நிற்கும். இரண்டு பக்கக் கம்பிகளிலும் ஒரே மாதிரி இழுப்பு. ஒரு முறை முடுக்கினால் நெடுநாள் கோட்டம் விழாது. "இது மாட்டு வண்டிச் சக்கரம் சார்" என்றார் பாய். புகழ்ச்சிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது மழையில் வண்டி நிற்கிறது. அலுமினியம் தேய்ந்து கரைந்த கறுப்புத் தண்ணீர் மட்டும் என் பேன்ட்டில் தெறிக்கிறது. இரும்பு துருப்பிடித்துப் போகும், அலாய் தேய்ந்து போகும். ரிம் ஓரத்தில் மெல்லிய காடி ஒன்று வெட்டியிருக்கிறது. அது மறைந்துவிட்டால் சுவர் மெலிந்துவிட்டது, மாற்று என்று கணக்கு. மாதம் ஒருமுறை நகத்தால் தடவிப் பார்க்கிறேன்.

போன வாரம் வழியில் வேறொரு கடையில் முன்டயர் மாற்ற நின்றேன். "28 தானே சார்?" என்று பையன் ஒரு டயரைக் கொண்டுவந்து மாட்டினான். அது தாத்தா பனியன் போலத் தொளதொளவென்று தொங்கியது. டயரைப் பார்த்தான், ரிம்மைப் பார்த்தான், பின்சக்கரத்தைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். மட்காடுக்கு உட்புறம் பெயின்டில் எழுதி வைத்திருக்கும் 622-ஐக் காட்டினேன்.

"அது இன்னா சார், வண்டி நம்பரா?" என்றான்.