ஒரு பக்கெட் வெந்நீரின் கணக்கு

"சென்னையில எதுக்கு வெந்நீர்?" என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். மே மாதத்தில் அது நியாயம்தான். மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே கையைச் சுடும். ஆனால் மார்கழி விடியலில், முட்டிவலியோடு எழுந்திருக்கும் ஒரு ஆயாவிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் நன்றாகவே கிடைக்கும் :-)

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வீடு. ஆயா, அப்பா, அம்மா, காலேஜ் படிக்கும் மகன். ஆயாவுக்குக் காலை ஐந்து மணிக்கெல்லாம் குளித்தாக வேண்டும். அதற்காக அப்பா ராத்திரி படுக்கப்போகும்போதே கீசர் சுவிட்சைப் போட்டுவிடுவார். ஒரு தடவை இரண்டு மாத கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் வந்த கட்டண முறையில், 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறும். வீட்டில் பேச்சு வளர்ந்தது. "எனக்கு இனிமே பச்சத்தண்ணியே போதும்பா" என்று ஆயா சொல்லிவிட்டார். அப்பா வாயே திறக்கவில்லை.

மகன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி மின்சாரம் வேண்டும். 15 லிட்டர் பக்கெட் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.26 யூனிட். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். அறுபது நாளைக்கு 63. எந்தக் கம்பெனி கீசர் வாங்கினாலும் இது குறையாது. மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்தால் அது வேறு கதை. மற்றபடி, இதற்கு மேல் வீணாவதைத்தான் குறைக்க முடியும்.

வீணாவது எங்கே? முதல் இடம், அந்த ராத்திரி. டேங்க்கில் 60 டிகிரியில் நிற்கும் தண்ணீர் சும்மா இருக்காது. சுவர் வழியாகச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஆறியதும் தெர்மோஸ்டாட் மறுபடி கரண்டை இழுக்கும். விடியும்வரை இதே வேலை. கீசர் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் பேசுவதும் இந்த இழப்பைத்தான். சீக்கிரம் சூடாகுமா என்பதை அல்ல. உண்மையில் 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிஷம் போதும். அதில் பச்சைத்தண்ணீரைக் கலந்தால் இரண்டு பக்கெட்டுக்கு மேலேயே கிடைக்கும்.

இரண்டாவது இடம், பைப். அரை இஞ்ச் பைப் பத்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒருவர் குளித்து ஒரு மணி நேரம் கழித்து அடுத்தவர் போனால், அந்தச் சூடு போச்சு. அடுத்தடுத்துக் குளித்தால் மிச்சம்.

"அப்போ 45 டிகிரியில வச்சிட்டு நாள் பூரா விட்டுடலாமே?" என்று அம்மா கேட்டார். கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளரும். நன்றாகச் சூடாக்கு, உடனே பயன்படுத்து, அணைத்துவிடு. பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "போர் தண்ணி உப்பு படிஞ்சு கரண்ட் தின்னுது." போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கீசரைக் கழற்றினால் காயில் மேல் வெள்ளைப் படிவம் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் காயில் தண்ணீருக்குள்ளேயே முழுகிக் கிடப்பதால் அதன் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். பில் பெரிதாக ஏறாது. சூட்டை வெளியேற்ற முடியாமல் காயில்தான் தகித்து ஒருநாள் போய்விடும். படிவத்தைச் சுரண்டுவது காயிலைக் காப்பாற்ற. உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஆயா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஒரு செம்பு பாய்லர் இருந்ததாம். நடுவில் குழாய், அதற்குள் கொட்டாங்கச்சியும் விறகும், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல். கணக்குப்படி பார்த்தால் அது படுமோசம்; சூட்டில் பெரும்பங்கு புகையோடு மேலே போய்விடும். ஆனால் அதை யாரும் ராத்திரியே மூட்டி வைக்கவில்லை.

"நெருப்பு எரியறது கண்ணுக்குத் தெரியும்டா. விறகு தீர்றதும் தெரியும். இதுல என்ன தெரியுது, ஒரு செவப்பு லைட்டு" என்றார்.

மறுநாளிலிருந்து சுவிட்ச் ஆயாவின் பொறுப்பு. 4.35-க்குப் போடுவார், குளிக்கப் போகுமுன் அணைப்பார். அடுத்த பில் 500-க்குக் கீழே வந்தது. கீசர் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மார்கழி முழுக்க ஆயா வெந்நீரில்தான் குளித்தார்.