தன் கையால் இட்ட பொட்டு

ஒப்பனை என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை வீண் ஆடம்பரம் என ஒதுக்கிவிடுதல் கற்றோர் மத்தியில் ஒரு வழக்கமாகிவிட்டது. கண்ணாடியின் முன் சற்று நேரம் கூடுதலாக நிற்கும் பெண்ணைக் கேலி செய்வதும், "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கடிந்துகொள்வதும் நமது வீடுகளிற் கேட்டுப் பழகிய குரல்களே. ஆயினும், தன் உருவப்படத்துக்கென ஒருத்தி தன் தலையைத் தானே வாரி, தன் முகத்தைத் தானே திருத்திக்கொள்ளும் அந்த அரைமணி நேரம் அத்துணை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு இது நன்கு புலனாகும்.

நமது இலக்கியங்களில் ஒப்பனை பெரும்பாலும் மற்றொருவரின் கண்ணுக்காகவே செய்யப்படுகிறது. கோவலன் பிரிந்தபின் கண்ணகி காலிற் சிலம்பின்றி, கண்ணில் மையின்றி, நெற்றியில் திலகமின்றி, கூந்தலில் நெய்யின்றி இருந்தமையைச் சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை கூறும். அதே காப்பியத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி நீராடி அணி புனைந்தமை விரித்துரைக்கப்படும். காதலன் அருகிருந்தால் ஒப்பனை. அகன்றால் அதன் துறவு. அந்தக் கண்ணகியையே வற்றாப்பளையில் அம்மனாகக் கொண்டு, ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்குத் திரளும் முல்லைத்தீவுப் பெண்களும் நெடுங்காலம் இந்த மரபுக்குள்ளேயே வாழ்ந்தனர்.

கமராவின் வருகை இந்நிலையில் ஒரு மாற்றத்தை உண்டாக்கிற்று. அருகிலிருப்பவரின் கண்ணுக்கு மட்டுமன்றி, யார் பார்ப்பார், என்று பார்ப்பார் என அறியப்படாத கண்களுக்கும் ஒருவர் தம்மை ஆயத்தஞ் செய்ய வேண்டியவரானார். ஆனால், தொடக்கத்தில் அந்த ஆயத்தம் படத்துக்கு நிற்பவரின் கையில் இருக்கவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான யூலியா மார்கரெற் கமரன் 1875 இல் இலங்கையிற் குடியேறி, 1879 இல் இங்கேயே இறந்தவர். களுத்துறையில் அவர் படம்பிடித்த ஊர்மக்கள் பலரின் பெயர்கள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவரைக் காணச் சென்ற ஓவியர் மரியான் நோர்த்தின் கூந்தலையும் அவிழ்த்துவிட்டு, உடலிற் கம்பளித் துணியைச் சுற்றித் தாம் விரும்பிய கோலத்திலேயே கமரன் படம் எடுத்தார். நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் இதனைப் பதிவுசெய்துள்ளார். பெயர்பெற்ற ஓவியருக்கே இந்நிலையெனின், பெயரற்ற ஊர்ப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பிற்காலத்தில் ஸ்ரூடியோக்கள் சிற்றூர்களுக்கு அண்மையிலும் தோன்றியபோது நிலைமை ஓரளவு மாறியது. தண்ணீரூற்று, முள்ளியவளை போன்ற ஊர்களில் ஒப்பனைக்கென ஒரு தொழிலாளரை அமர்த்தும் வழக்கம் அன்று இல்லை. பெண்கள் வீட்டிலேயே ஆயத்தமாகிப் புறப்பட்டனர். சவ்வரிசியைக் கருக வறுத்து, நீர்விட்டுக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி உலரவைத்த சாந்தே பொட்டாயிற்று. விளக்குச் சுடரின் புகையைத் தட்டிற் பிடித்து எண்ணெயிற் குழைத்தது கண்மையாயிற்று. ஒரு பவுடர்ப் பேணி வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாயிருந்தது. எண்ணெய் கூடினால் நெற்றி மினுங்கும். பவுடர் கூடினால் முகமும் கழுத்தும் இரு நிறமாகும். இந்த நுணுக்கங்களை எவரும் நூலிற் கற்கவில்லை. வந்த படத்தைப் பார்த்து வருந்தியே கற்றனர்.

அவ்வருத்தத்துக்கு அவர்கள் மட்டும் காரணரல்லர். பழைய கறுப்பு வெள்ளைத் தகடுகள் சிவப்பு ஒளியை உணரமாட்டா. அவற்றிற் குங்குமம் கறுப்பாக விழும், மாநிறமும் உள்ளதினும் கறுத்துத் தோன்றும். பின்னர் வந்த வண்ணப் படச்சுருளும் நடுநிலையானதாக இருக்கவில்லை. கொடாக் நிறுவனம் 1950கள் முதல் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிற அளவு அட்டைகளில் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. ஷேர்லி அட்டை எனப்பட்ட அதனை வைத்தே தோலின் சரியான நிறம் எதுவெனத் தீர்மானிக்கப்பட்டது. கரிய முகங்கள் நிழலுக்குள் அமிழ்ந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். சொக்கிலேற்றையும் மரத் தளபாடத்தையும் விளம்பரப்படுத்தியோர் கபில நிறம் சரியாக வரவில்லையென முறையிட்டதும் படச்சுருள் திருந்துவதற்கு ஒரு காரணம் என அவர் காட்டுகிறார். கரிய மனிதரின் முகம் செய்ய முடியாததை மேசையும் இனிப்பும் செய்தன! குறை சுருளில் இருந்தது. நமது பெண்களோ அதனைத் தம் தோலிற் கண்டு, இன்னுமொரு பூச்சுப் பவுடரை அப்பிக்கொண்டனர்.

கண்ணாடியிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. அது காட்டுவது இடம் வலம் மாறிய முகம். இடப்புறம் எடுத்த உச்சி இடப்புறமாகவே தெரிவதால், எதிரே நின்று காண்பவருக்கு அது மறுபுறமாகத் தோன்றும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1977 இல் மிற்றா, டேர்மர், நைற் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர், மாணவியரின் படங்களை நேராகவும் இடம் வலம் மாற்றியும் காட்டி ஆராய்ந்தனர். மாணவியர் பெரும்பாலும் கண்ணாடியில் தெரியும் முகத்தையே விரும்பினர். அவர்களுடைய நண்பர்களோ நேரான படத்தை விரும்பினர். ஒருத்தி தான் அறிந்த முகத்தைக் கண்ணாடியின் முன் திருத்துகிறாள். படத்தில் எஞ்சுவதோ பிறர் அறிந்த முகம். உருவப்படம் எடுத்தவருக்கு உரியது போலத் தோன்றினும், ஈற்றில் அது அவரை இழப்பவர்களுக்கே உரியதாகிறது.

இழப்பு என்பது வன்னிக்கு உவமைச் சொல்லன்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோர வீடுகளை அவற்றின் அல்பங்களுடன் வாரிச் சென்றது. 2008 இன் இறுதியில் போர் முள்ளியவளைப் பகுதியை அடைந்தபோது, மக்கள் புதுக்குடியிருப்புக்கும் அதன்பின் முள்ளிவாய்க்காலுக்குமாகப் பெயர்ந்தனர். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சுமை குறைந்தது. 2009 மே மாதத்தின் பின் பலரிடம் எஞ்சியது உடுத்த உடையும் ஒரு பொலித்தீன் பையும் மட்டுமே. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்தபோதும், பின்னர் முல்லைத்தீவில் அவ்வாறே அமர்ந்தபோதும், அவர்கள் மடியில் இருந்தவை அந்தப் பையில் தப்பிய படங்களே. அவற்றுட் பல அடையாள அட்டைக்கென எடுத்தவை. பாடசாலைக் குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்தவையும் உண்டு. அரசாங்கத்துக்காக எடுத்த முகமே தாயின் நினைவாகவும் நின்றது.

தண்ணீரூற்றில் ஒரு வீட்டின் சுவரிலும் அத்தகைய படமொன்று தொங்குகிறது. 2009 இல் காணாமற்போன சின்னம்மாவின் அடையாள அட்டைப் படம் அது. பெருப்பிக்கக் கொடுத்தபோது கணினியில் நிறத்தை வெளிறச் செய்து, வெற்று நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டையும் இட்டுக் கொடுத்துவிட்டனர். படத்தைத் துடைக்கும் நாளெல்லாம் தமக்கை சொல்வது ஒன்றே: "அவள் எந்த நாளும் கறுத்தச் சாந்துதான் வைப்பாள். இது ஆரோ வைச்சுவிட்ட பொட்டு."

அந்தத் தமக்கையின் மகள் பல்கலைக்கழகம் புகுமுன் வீட்டார் அவளுக்கொரு படம் எடுக்க விரும்பினர். அழகுநிலையத்துக்குச் செல்லலாம் என்றனர், அவள் மறுத்துவிட்டாள். காலையிலேயே தலைக்கு முழுகி, எண்ணெய் தொடாது கூந்தலை உலர்த்தினாள். விளக்கொளியைத் தவிர்த்து, யன்னலோரத்திற் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். ஒற்றைப் பின்னலை முன்னே எடுத்துவிட்டு, நெற்றியோரத்து முடிகளைக் கொண்டை ஊசியால் அடக்கினாள். பவுடரைச் சிறிதளவே எடுத்துக் கழுத்துவரை ஒற்றித் துடைத்தாள்.

"கொஞ்சம் கூடப் போடு பிள்ளை, கறுப்பாத் தெரியப்போறாய்."

"தெரியட்டும் அம்மா. நான் கறுப்புத்தானே."

பின் நெற்றியிற் சிறிய கறுத்தப் பொட்டொன்றை இட்டாள். தாய் மேலும் ஒன்றுஞ் சொல்லவில்லை. மகளின் பின்னல் நுனியில் அவிழ்ந்திருந்த நாடாவை எடுத்து இறுகக் கட்டிவிட்டாள்.

இன்று படமெடுத்தல் எளிது. கைத்தொலைபேசியே முகத்தின் பருவை அழிக்கிறது, நிறத்தை வெளுக்கிறது, தாடையை ஒடுக்குகிறது. கமரன் அன்று பிறரது கூந்தலை அவிழ்த்தது போலவே இன்று கருவியும் நம்மைக் கேளாமல் நமது முகத்தைத் திருத்துகிறது. எது நிகழ்ந்தது என்று அறியுமுன்னரே நமக்குப் பதிலாக வேறொருவர் படத்தில் அமர்ந்துவிடுகிறார். அழகுநிலையத்துக்குச் செல்வதிற் குற்றமில்லை. அதுவும் ஒரு கலை, பல பெண்களின் வாழ்வாதாரம். ஆனால், தன் முகத்தில் எதை வைப்பது, எதை விடுப்பது என்னும் தீர்ப்பை ஒருவர் பிறரிடம் முழுவதாக ஒப்படைத்துவிடலாகாது.

ஒரு மனிதரைப் பற்றி இறுதியில் எஞ்சப்போவது எந்தப் படம் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். வன்னி மக்கள் இதனைப் பெருவிலை கொடுத்து அறிந்தனர். எந்தப் படம் எஞ்சினும், அதனைக் கையில் எடுப்பவர் "இது அவளேதான்" என்று சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். கண்ணாடியின் முன் கழியும் அரைமணி நேரம் அதற்கான உழைப்பேயன்றி வீண்பொழுதன்று.