புதைத்து வைத்த கால்வாய்

ரமணாசிரமத்தை அடுத்த எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மலை மிக அருகில் தெரியும். மழைக்காலத்தில் அதன் சரிவுகளில் இறங்கும் நீர், ஓடைகளாகவும் கால்வாய்களாகவும் பிரிந்து தாழ்வான ஏரிகளை நாடிச் செல்லும். அத்தகைய சிறு கால்வாய் ஒன்று என் வீட்டு வாசலைக் கடந்து செல்கிறது. அதைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண வைத்தது, தொலைவிலுள்ள மற்றொரு கால்வாய்.

2023-ஆம் ஆண்டு என் தாய்மாமனின் அடக்கத்திற்காக மரக்காணம் சென்றிருந்தேன். அன்று மாலை, பக்கிங்காம் கால்வாயின் கரையில் சற்று நேரம் நின்றேன். என் தாயின் தந்தை அக்கால்வாயில் உப்புப் படகு இழுத்தவர். காற்று துணை செய்தால் பாய் விரிப்பார்களாம். இல்லையேல், கரையோரப் பாதையில் நடந்து கயிற்றைத் தோளில் இட்டு இழுப்பார்களாம். அவரது வலத்தோளில் கயிறு பதித்த தழும்பைச் சிறுவயதில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

1806-ஆம் ஆண்டு பேசில் கொக்ரேன் என்ற வணிகர், சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய வாய்க்கால் அது. பின்னர் வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களின் கைகளால் வெட்டப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

கால்வாயை ஆறுகள் குறுக்கிடும் இடங்களில், நீர்மட்டத்தைக் காக்கக் கதவுகள் அமைத்திருந்தனர். தாத்தா அவற்றை ‘லாக்கு’ என்பார். முன்னும் பின்னும் கதவுகள். நடுவே படகு நிற்குமளவு ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். இருபுறமும் மட்டம் சமமான பின்னரே முன்கதவு திறக்கும். அதற்குமுன் எத்தனை பேர் தள்ளினாலும் நீரின் பாரம் விடாது. “வெட்டுனவங்க ஒரு தடவதான் வெட்டுனாங்க. தூர் வாருறவனும் கதவு காக்குறவனுந்தான் தெனமும் வெட்டுறாங்க” என்பது தாத்தாவின் சொல்.

அந்த அன்றாடப் பணி நின்றபோது கால்வாயும் நின்றது. சரக்குகள் இரயிலுக்கும் சாலைக்கும் மாறின. 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. சென்னையில் அது சாக்கடையாயிற்று; பறக்கும் இரயிலின் தூண்கள் அதனுள்ளேயே ஊன்றப்பட்டன. அப்படியிருந்தும், 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, பல இடங்களில் கடல்நீரைத் தன்னுள் வாங்கி ஊர்களுக்கு நேரவிருந்த சேதத்தைக் குறைத்தது அந்தக் கால்வாய்தான். 2008-இல் தேசிய நீர்வழி என்ற தகுதியும் கிடைத்தது. பிரான்சு நாட்டில் 1681-இல் திறக்கப்பட்ட மிதி கால்வாயில் இன்றும் படகுகள் செல்கின்றன. அங்கே கதவுகளைக் காக்க ஆளிருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

‘முன்னோர் தந்த செல்வத்தை இப்படிப் பாழாக்கிவிட்டார்களே!’ என்று மனத்துள் பலரையும் கடிந்துகொண்டே அன்று ஊர் திரும்பினேன்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் ஊரிலும் மழை கொட்டித் தீர்த்தது. டிசம்பர் முதல் நாள் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி, குழந்தைகள் உட்பட ஏழு உயிர்களைப் பறித்தது. அப்பெருந்துயரின் முன் எங்கள் தெருவில் நேர்ந்தது மிகச் சிறியது. எனினும் அதற்குக் காரணமானவன் நான்.

சில ஆண்டுகளுக்குமுன், வண்டி நிறுத்த வசதியாக, வாசல் கால்வாயை மண்ணிட்டு நிரப்பி, மேலே சிமெண்ட் தளம் போட்டிருந்தேன். நீர் போவதற்கென ஒரு சிறு குழாய் மட்டும் உள்ளே பதித்தேன். அன்றிரவு அக்குழாய் அடைத்துக்கொண்டது. வழியற்ற நீர் எதிர்வீட்டினுள் புகுந்தது. அங்கே முதிய கைம்பெண் ஒருவர் தனியே வாழ்கிறார். விடியற்காலையில் நனைந்த அரிசி மூட்டையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். நான் தயங்கி நிற்பதைக் கண்டு, “தண்ணிக்கு எங்க போறதுன்னு தெரியலீங்க ஐயா. அதான் எங்க வூட்டுக்கு வந்துடுச்சு” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே என்னை வாட்டியது.

தாலந்து உவமையில் மூன்றாம் பணியாளன் தன் தலைவரின் பணத்தைத் திருடவில்லை, செலவழிக்கவுமில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தான், அவ்வளவே. ‘நான் என்ன தீங்கு செய்தேன்?’ என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த கால்வாயின் நீளம் பதினைந்து அடி. 420 கிலோமீட்டருக்காகப் பிறரைக் கடிந்த நான், அந்தப் பதினைந்து அடியைப் புதைத்து வைத்திருந்தேன். ஒப்புரவு அருளடையாளத்தில் நான் அதுவரை அறிக்கையிட்ட பாவங்களுள் இது ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குமுன் ஆள் வைத்துத் தளத்தை உடைத்தேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தேன். இப்போது வண்டி தெருவில் நிற்கிறது. வாசலுக்குச் செல்ல ஒரு கற்பலகை போதுமானதாயிருக்கிறது. சனிக்கிழமைதோறும் மண்வெட்டியோடு இறங்கி, சேர்ந்த மண்ணையும் சருகையும் அள்ளுகிறேன். அரை மணி நேர வேலைதான். அடுத்த வாரம் மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. தாத்தா சொன்னதன் பொருள் அப்போதெல்லாம் எனக்கு விளங்குகிறது.