எட்டு நாள் கதை

புத்தகம் என்றால் கனமாக இருக்க வேண்டும் என்று வெகுகாலம் நம்பியிருந்தவன் நான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். விக்தோர் ஹ்யூகோவின் ‘லெ மிசெராப்ள்’, தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று வந்ததே, அது தலையணை கனம். படித்து முடித்த அன்று ஏதோ பரீட்சை தேறியவன் போலத் தெருவில் நடந்தேன். 1942-இல் வெளிவந்த காம்யுவின் ‘அந்நியன்’ கைக்கு வந்தபோது, இவ்வளவுதானா என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

குமாஸ்தா உத்தியோகம் முடிந்ததும் மனைவியின் ஊரான வன்னியம்பட்டிக்கே வந்துவிட்டோம். போன வருடம் அவளுக்குப் பார்வை மங்கியது. ஒரு நாள் சாயங்காலம், “என்னங்க, நீங்க மட்டும் படிச்சுக்கிட்டே இருக்கீங்களே, கொஞ்சம் சத்தமாப் படிச்சா என்ன?” என்றாள். கல்யாணமாகி 45 வருடம். அவளுக்கென்று ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் தொண்டை அதிக நேரம் தாங்காது. அதனால் சின்னதாகப் பார்த்து பூமணியின் ‘வெக்கை’யை எடுத்தேன். 1982-இல் வந்த நாவல். ‘அசுரன்’ படத்துக்கு மூலம். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, 15 வயதுப் பையன் தன் அய்யாவோடு எட்டு நாள் ஒளிந்து திரிகிறான். அவ்வளவுதான் கதை.

கரிசல் பேச்சு. பல சொற்கள் எனக்கு விளங்கவில்லை. அவள்தான் பொருள் சொன்னாள். புதுச்சேரியில் இருந்தவரை என் பேச்சுக்கு ஏற்பத் தன் பேச்சை மாற்றிக்கொண்டவள். இப்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு பழங்கதை வந்தது. வற்றின கம்மாயில் மீன் பிடித்தது, அண்ணன் கோபித்துக்கொண்டு மூன்று நாள் மலையடிவாரத்தில் கிடந்தது, அவனுக்குத் தாய் யாருக்கும் தெரியாமல் சோறு கொடுத்தனுப்பியது. ஒன்றும் நான் கேட்டறியாதது.

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த புத்தகம் 16 சாயங்காலம் ஓடியது. அப்பனும் மகனும் கோர்ட்டில் சரணடையப் போவதோடு நாவல் முடிகிறது. மூடி வைத்தேன். சற்றுநேரம் கழித்து, “அந்த ஆத்தாக்காரி அப்புறம் என்ன செஞ்சிருப்பா?” என்றாள். பூமணி அதைச் சொல்லவில்லை. நாங்கள்தான் அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ‘அந்நியன்’. தாய் இறந்த சேதியோடு தொடங்குகிற கதை. பிரெஞ்சில் படித்து அவளுக்குத் தமிழில் சொல்லப் போகிறேன். இந்த முறை பொருள் சொல்லும் வேலை எனக்கு.