பிரேக்குக்குள் காற்று

“பிரேக்கே இல்லாத வண்டிய எவனும் ஓட்ட மாட்டான் தம்பி. கொஞ்சம் பிடிக்கிற வண்டியத்தான் வருசக்கணக்கா ஓட்டுவான்.”

அருப்புக்கோட்டையில் திருச்சுழி சாலையோரம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சொன்னது இது. டிஸ்க் பிரேக் வண்டிகளில் முன் லிவர் மெத்துமெத்தென்று உள்ளே போவதை அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்று பார்க்கப் போயிருந்தேன். இந்த வட்டாரத்தில் மூட்டை ஏற்றாத பைக்கைப் பார்ப்பது அரிது. பின்சீட்டில் மிளகாய் வற்றல், மல்லி, மாட்டுத்தீவனம், சில நேரம் ஆட்டுக்குட்டி. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம் மறைத்து நிற்கிறது. அதற்குள்ளிருந்து ஆடு வரும், மயில் வரும். நிற்கவேண்டிய இடத்தில் நிற்காத வண்டிக்கு இங்கே மன்னிப்புக் கிடையாது.

வெயில் ஏறுவதற்குள் ஒரு பெரியவர் 150 சிசி வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். திருச்சுழியைத் தாண்டி ஒரு கிராமம். “முன்பிரேக் கைப்பிடி வரைக்கும் வந்திருது. ஆயில் கொஞ்சம் ஊத்திவிடுப்பா, போதும்” என்றார்.

“ஊத்துனா சரியாகாதுய்யா. இருங்க, பாப்போம்.”

கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கிற பிரேக் டப்பாவில் ஆயில் அளவு சரியாகவே இருந்தது. அளவு இறங்கியிருந்தால்கூட உடனே ஊற்றுவதை அவர் தப்பு என்கிறார். டிஸ்கைப் பிடிக்கிற பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கும். அந்த இடத்தை நிரப்பத்தான் ஆயில் கீழே போகிறது. பேட் தேய்ந்ததை ஆயில் அளவு காட்டிக்கொடுக்கிறது. ஊற்றிவிட்டால் அந்தத் தடயம் அழிந்துபோகும். பேட் நன்றாக இருந்தும் அளவு இறங்கினால் எங்கோ கசிகிறது.

பிறகு இரண்டு விரலால் லிவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த பிடியில் லிவர் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் போய்விட்டது, அல்லது கசிவு. இதில் இறங்கவில்லை. நாலைந்து முறை வேகமாக அடித்தார். லிவர் கொஞ்சம் கெட்டியானது. விட்டுப் பிடித்தால் மறுபடி மெத்தென்று போனது. “ஏர் பிடிச்சிருக்கு” என்றார். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கையின் அழுத்தம் பேடுக்குப் போகாமல் நடுவழியில் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

அதோடு அவர் விடவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றினார், பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். டிஸ்க் கோணியிருந்தாலும் பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு லிவர் வெறுமனே உள்ளே போகும். இரண்டும் சரியாக இருந்தன. காலிப்பரைக் கழற்றினார். அங்கேதான் இந்த ஊர் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பிய கரிசல் சேறு காய்ந்து, காலிப்பர் நகர வேண்டிய பின்களைச் சுற்றி இறுகிக் கிடந்தது. காலிப்பர் நகராததால் ஒரு பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தது. சாய்வான பேடை டிஸ்கோடு ஒட்டவைக்கவே லிவர் பாதி தூரம் போய்விடும். ஏர் மட்டும் எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு மாதத்தில் பெரியவர் திரும்ப வந்திருப்பார். பின்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் போட்டார், பேட் இரண்டையும் புதிதாக மாற்றினார். சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ பட்டால் உள்ளேயிருக்கிற ரப்பரெல்லாம் ஊதிவிடும். பிரேக் டப்பாவில் என்ஜின் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்த வண்டிகளும் அவர் கைக்கு வந்திருக்கின்றன. ரப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்றாம்.

ஏர் எடுக்கும் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். லிவர் பக்கம் பட்டறைப் பையன் நின்றான். மெக்கானிக் கீழே உட்கார்ந்து காலிப்பர் நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருந்த பாட்டிலுக்குள் முக்கினார். “அடி… அடி… பிடி.” பையன் அழுத்திப் பிடித்ததும் ஸ்பானரால் நிப்பிளை ஒரு கால் திருப்பு. லிவர் கைப்பிடியைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகுதான், “விடு.” மூடுமுன் கையை விட்டால் வெளியேறிய காற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் வந்த ஆயில் கறுத்துக் கலங்கியிருந்தது, நடுவே பெரிய குமிழிகள். பிறகு கடுகளவில் வரிசையாக வந்தன. பையன் ஒவ்வொரு தடவையும் டப்பாவை எட்டிப் பார்த்து ஆயில் சேர்த்துக்கொண்டே இருந்தான். அது வற்றினால் மேலேயிருந்து புதுக் காற்று புகும், செய்த வேலை வீண். கடைசியில் டியூபில் வெளிர் மஞ்சளாகச் சுத்தமான ஆயில் மட்டும் ஓடியது.

இந்த ஆயிலில் ஒரு விசித்திரம். தண்ணீருக்குத் தவிக்கிற இந்தப் பூமியில், காற்றில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது தேடி உறிஞ்சிக்கொள்கிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கொதிநிலை 155 வரை இறங்கலாம். டாட் 3-க்கு இந்தக் கணக்கு 205, 140. கொதித்தால் வரும் குமிழியும் காற்றைப்போல அமுங்கும், பிரேக் பிடிக்காது; மலைப்பாதையில் இது உயிர்ப் பிரச்சினை. அருப்புக்கோட்டைச் சமவெளியில் ஆயில் கொதிக்குமளவு பிரேக் பிடிப்பவர் குறைவு. இங்கே அந்த ஈரம் உள்ளே துருவாகி பிஸ்டனைத்தான் அரிக்கிறது. அதனால்தான் மெக்கானிக் பெரிய டின் வாங்குவதில்லை. சின்ன பாட்டிலை உடைத்து ஊற்றி, மிச்சத்தைப் பிரேக்குக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்கிறார். பெயின்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்.

முன்பிரேக் கெட்டது தெரியாமலா பெரியவர் இவ்வளவு காலம் ஓட்டினார் என்று எனக்கு வியப்பு. அவரே விடை சொன்னார்: “முன்பிரேக்கை நான் தொடறதே இல்லப்பா. பிடிச்சா தூக்கி அடிச்சிரும்ல.” தென்மாவட்டம் முழுக்க இந்த நம்பிக்கை இருக்கிறது. சரளைக்கல்லிலும் மணலிலும் அதற்கு நியாயம் உண்டு. தார்ச்சாலையில் இது ஆபத்தான தவறு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் பாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. தொடாத பிரேக் கெட்டுப்போனது தெரியாமல் போவதில் வியப்பில்லை. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறும் அன்றைக்குத்தான் தெரியவரும். ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போடச் சொல்லும்போது, முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்திக் காட்டவும் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கூலி, இரண்டு லிட்டர் பெட்ரோல் காசு. பெரியவர் அதிலும் குறைக்கச் சொன்னார், மெக்கானிக்கும் குறைத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. சீட் கவருக்கும் ஸ்டிக்கருக்கும் பேரம் பேசாதவர்கள் இதற்குப் பேசுகிறார்கள்.

ஒயர் பிரேக்கில் தொழில் பழகியவர் மெக்கானிக். 1969-இல் ஹோண்டா சிபி 750-இல் வந்த டிஸ்க் பிரேக், 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட் போன்ற வண்டிகளால்தான் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தது. யாரும் சொல்லித் தராமல் கழற்றி மாட்டியே கற்றுக்கொண்டார். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். அவற்றிலும் பெரும்பாலும் பழைய முறையிலேயே ஏர் எடுத்துவிடலாம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று மாட்டிக்கொண்டால் சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அப்படி வருகிறவற்றை அவர் மதுரைக்கு அனுப்புகிறார். அந்த ஸ்கேனரை வாங்குவதற்காகச் சீட்டுக் கட்டுகிறார். மழைக்கு முன்னால் சீட்டை எடுத்துவிட வேண்டும் என்றார். சேறு பிடித்த காலிப்பர்கள் மழைக்குப் பிறகுதான் வரிசையாக வருமாம்.