இரண்டு இடத்தில் இருக்கிறது

"எல்லாத் தரவும் இரண்டு இடத்தில் இருக்கிறது" என்று எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டமொன்றில் சொன்னேன். சொன்ன நாளில் அது உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, எனக்கு ஈராண்டு இளைய ஆய்வாளர் ஒருவர் தம் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பருவத்துப் பதிவுகளை இழந்தார். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

புனேயில் இருக்கும் நாங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக் காடுகளில் பறவைகளின் ஒலியைப் பதிவுசெய்கிறோம். மரத்தில் கட்டிவைத்த கருவி இரவும் பகலும் பதிந்துகொண்டே இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்தால் ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு 8 ஜிபிக்குச் சற்று மேல் சேரும். 11 கருவிகள் 100 நாள் இயங்கினால் 9 டெராபைட். வேதியியல் சோதனை கெட்டால் மறுபடி செய்யலாம். சென்ற மார்ச் மாதத்தில் ஒரு சரிவில் விடிந்த விடியலை மறுபடி பதிய முடியாது.

இரண்டு பருவங்கள் சேர்ந்து 18 டெராபைட் ஆனபோது நெறியாளர் இரண்டு நாஸ் பெட்டிகள் வாங்கித் தந்தார். ஒன்று ஆய்வுக்கூடத்தில், மற்றொன்று வளாகத்தின் மறுகோடியிலுள்ள பழைய கட்டடத்தில். தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் ஒன்று தப்ப வேண்டும் என்பது எண்ணம். இரண்டையும் இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. "இவனுக்கு லினக்ஸ் தெரியும்" என்ற ஒரே தகுதியால். (தமிழ் படித்தவனிடம் திருமண அழைப்பிதழ் எழுதச் சொல்வது போல.)

கட்டடங்களுக்கிடையே எங்களுக்குக் கிடைத்த இணைப்பு 100 எம்பிபிஎஸ். அதில் 18 டெராபைட்டை அனுப்பினால், தடையே நேராவிட்டாலும், 16 நாள் தாண்டும். ஆகவே இரு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைத்து, ஒரு ஜிபிபிஎஸ் கம்பியால் இணைத்து, முதல் பிரதியை மூன்று நாளில் எடுத்து முடித்தேன். பிறகு இரண்டாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சை அடக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பயத்தில் பாதியை அமைப்புப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தபோது காட்டியிருக்கலாம்.

அன்றாட வேலைக்கு ஆர்சிங்க். இரு பக்கமும் இருக்கும் கோப்புகளை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் அனுப்பும் மென்பொருள் அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே அதன் வழிமுறையை விளக்கியிருக்கிறார். ஓர் ஆய்வேடு உலகமெங்கும் இரவுதோறும் உழைப்பது நம்மில் பலருக்கும் ஆறுதல் தரும் செய்தி. ஆர்சிங்க் தானாக எதையும் நீக்குவதில்லை. மூலத்தில் அழிக்கப்பட்டதைப் பிரதியிலும் அழி என்று நாம் சொன்னால்தான் அழிக்கும். நான் சொன்னேன். காரணமும் இருந்தது: நாங்கள் கோப்புறைகளின் பெயரை அடிக்கடி மாற்றுவோம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய பெயரில் ஒன்றும் புதிய பெயரில் ஒன்றுமாக இரண்டாம் பெட்டி வீங்கியது.

பாதுகாப்புக்கு இரண்டாம் பெட்டியில் ஸ்னாப்ஷாட் வைத்திருந்தேன். ஸ்னாப்ஷாட் என்பது அந்த நேரத்து நிலையை நிறுத்திவைப்பது. பிறகு ஒரு கோப்பை அழித்தாலும் அதன் பழைய பகுதிகள் வட்டில் இடம்பிடித்தபடியே இருக்கும். அதனால் இடம் குறைந்தது. 60 நாள் என்றிருந்ததை ஒரு மாலையில் 7 நாளாகக் குறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை.

முதல் பெட்டி நிரம்பிவந்தது. இளைய ஆய்வாளர் புதிய பருவத்துக்கு இடம் வேண்டி, தம் முந்தைய பருவத்து மூலப் பதிவுகளை அதிலிருந்து நீக்கினார். இரண்டு கருவிகள், 90 நாள், மணிக்கொரு கோப்பு: 4,320 கோப்புகள். இரண்டாம் பெட்டியில் இருக்கிறதே என்ற நம்பிக்கை. அன்றிரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் ஓடியது. எனக்கு மின்னஞ்சலும் வந்தது: பணி வெற்றி, கடைசி வரியில், நீக்கப்பட்டவை 4,320. அந்த மின்னஞ்சல்கள் தனிக் கோப்புறைக்குப் போய்விடும்படி நான் முன்பே அமைத்திருந்தேன்.

23 நாள் கழித்து அவர் கேட்டார்: "இரண்டாவது பெட்டியை எப்படித் திறப்பது? பழைய பதிவு ஒன்று வேண்டும்." கேட்ட கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அரைமணி நேரம் தேடுவது போல் தேடினேன்.

அவர் செய்ததில் தவறில்லை. இரண்டு இடத்தில் இருப்பதில் ஒன்றை எடுத்தால் இன்னொன்று மிஞ்சும் என்பது கணக்கு. நான் அமைத்தது அந்தக் கணக்குக்கு உட்படாத ஒன்று. 'பிரதி' என்ற சொல்லே எங்களை ஏமாற்றியது என நினைக்கிறேன். ஓலைச்சுவடியைப் பிரதி செய்தவர்கள் பிழை விட்டார்கள், விட்ட இடங்கள் வேறுவேறு. அதனால்தான் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தை நெருங்க முடிந்தது. எங்கள் இரண்டாம் பெட்டிக்குப் பாடபேதம் கிடையாது. மூலத்தின் பிழையை ஒரே இரவில் அச்சுப்பிசகாமல் எழுதிக்கொள்ளும். வன்தட்டு பழுதானால் அது உதவும். மனிதன் அழித்தால் உதவாது.

2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் 77 டெராபைட் அளவுக்கு, ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. அழித்தது காப்புப்பிரதி எடுக்கும் நிரலேதான். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன; அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியில்லை. அந்தச் செய்தியை நான் முன்பே படித்திருந்தேன், கூட்டத்தில் வேடிக்கையாகப் பகிர்ந்தும் இருந்தேன்.

மறுபயன்பாட்டுக்குப் போகாமல் மேசை இழுப்பில் கிடந்த நினைவக அட்டைகளிலிருந்து ஒரு கருவியின் 31 நாள் பதிவுகள் கிடைத்தன. அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளின் விடியல் ஒலியை ஒப்பிடவேண்டிய மூன்றாம் இயல் ஓராண்டு விவரணையாகச் சுருங்கியது. உதவித்தொகையின் கடைசி ஆண்டில் அவர் மீண்டும் காட்டுக்குப் போனார். இரண்டு வாரம் நானும் உடன்போய்க் கருவிகளைக் கட்டினேன். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அமைப்பு வேறு. முதல் பெட்டிக்கு இரண்டாம் பெட்டியில் எழுதும் உரிமை இல்லை. இரண்டாவதுதான் வந்து எடுத்துக்கொள்கிறது. நீக்கம் தானாகக் கடத்தப்படுவதில்லை. மாதம் ஒருமுறை, இருவர் பட்டியலைப் பார்த்த பிறகே. ஸ்னாப்ஷாட் 180 நாள். மூலப் பதிவுகள் மட்டும் மூன்றாவதாக, எந்த வலையிலும் இணையாத வன்தட்டுகளில், நெறியாளரின் அலமாரியில். இடம் போதாதபோது நாள்களைக் குறைக்காமல் வட்டு கேட்கிறேன். எத்தனை நாள் என்பது பெட்டியின் மேலேயே காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

மாதத்தின் முதல் திங்களன்று ஒருவர் ஏதேனும் ஒரு கோப்புறையைச் சொல்வார். அதை இரண்டாம் பெட்டியிலிருந்து மீட்டு, செக்சம் ஒப்பிட்டு, ஒரு கோப்பையாவது ஒலிக்கவிட்டுக் கேட்கவேண்டும். வரும் திங்கள் கோப்புறையைத் தேர்வது அவருடைய முறை.