கைக்கு வந்த படிப்பு

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் மறுபடியும் மாணவனானால் நம் ஊரில் இரண்டு காரணந்தான் சொல்வார்கள். ஒன்று, பிழைப்புக் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் புத்தி கெட்டிருக்க வேண்டும். நாற்பத்தாறாவது வயதில் நான் தொக்கணம் கற்கப் போனபோது நண்பர்கள் இரண்டையுமே சந்தேகித்தார்கள். "கதை எழுதுகிறவருக்கு உடம்பு பிடித்துவிடும் வேலை எதற்கு?" என்று என் மனைவியிடமே விசாரித்தார்கள். அவளோ, "எனக்கும் முழங்கால் வலி இருக்கிறது; கற்றுக்கொண்டு வரட்டுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். இருபது வருஷமாகக் குனிந்து எழுதிய தோள், ஒருநாள் பேனாவைத் தூக்க மறுத்தது. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டிய சேரங்கோட்டில், கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஆசான் ஒருவர் அதைச் சரிப்படுத்தினார். தோள் வலி விட்டது; வித்தையின்மேல் ஆசை பிடித்துக்கொண்டது.

தொக்கணம் சித்த மருத்துவத்தைச் சேர்ந்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. இண்டர்மீடியட் வரை படித்தவனுக்கு ஒன்பது பெயர்கள் எம்மாத்திரம்? ஒரே இரவில் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் ஆசான் பெயர்களைக் கேட்கவே இல்லை. "எண்ணெயைச் சுடவைத்துத் தடவி, கையைச் சும்மா வைத்துக்கொண்டிருங்கள். எங்கே இறுகியிருக்கிறது என்று கை சொல்லட்டும்" என்றார். பத்து நாள் அதுதான் பாடம்.

அடுத்த பாடம், எப்போது தொடக் கூடாது என்பது. காய்ச்சலா, எலும்பு முறிவா, கையை எடு. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சுடுகிறதா, உடனே டாக்டரிடம் அனுப்பு. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே வாங்கிவிடும்.

என்னோடு படித்த அம்மாள் ஒருத்தி, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். பெண்களுக்குப் பிடித்துவிட அவள்; ஆண்களுக்கு நான். அவள் விரல்கள் மறு நாளே ஆசானிடம் பாராட்டு வாங்கின. "சாருக்குப் பேனா பிடித்த கை. கட்டைவிரல் இன்னும் தூங்குது" என்று சிரித்தாள்.

ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வைச்சி என்ற பார்வையற்ற வைத்தியர், தம்மைப் போன்றவர்களுக்கு இந்த வித்தையையும் ஊசி மருத்துவத்தையும் கற்பிக்கப் பள்ளி நடத்தினார். 1915-இல் லண்டனில் தோன்றிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியில், போரில் கண்ணிழந்த சிப்பாய்கள் மசாஜ் கற்றுப் பிழைத்தார்கள். கண் இருக்கிறவர்கள்தான் கையை இவ்வளவு காலம் படிக்க வைக்காமல் விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது.

முதன்முதலாக ஆசான் என்னிடம் ஒப்படைத்தது அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியதே, அந்தக் கணக்கில் ஒருவர். பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மலையேறி வந்தவர். அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே அரசாங்கம் 1968-இல் இந்தப் பக்கங்களில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. கவாத்து வெட்டியும், கான் வெட்டியும், உர மூட்டை சுமந்தும் அவர் கால்கள் விறைத்துப் போயிருந்தன.

நான் பாதத்தைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயா, நீங்க போய் என் காலைத் தொடலாமா? பாவமுங்க!"

"பெரியவரே, எனக்கு இதுதான் பரீட்சை. காலை இழுத்துக்கொண்டால் நான் பெயிலாகிவிடுவேன்" என்றேன்.

தயங்கித் தயங்கிக் காலைக் கொடுத்தார். கையைச் சும்மா வைத்தேன். கணுக்காலுக்கு மேலே கயிறுபோல் ஒரு முறுக்கு. அது இளகக் கால்மணி நேரம் ஆயிற்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தவர் மெல்லச் சொன்னார்: "இத்தனை வருஷத்திலே இந்தக் காலை அட்டை ஒண்ணுதாங்க தொட்டிருக்கு."

என் கதைகளில் எத்தனையோ தொழிலாளிகள் மேடேறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு பாதத்தின் கனம் எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது.

சற்றுப் பொறுத்து அவர் கண்ணைத் திறந்து, உண்மையான கவலையோடு கேட்டார்: "ஏங்க ஐயா, கதை எழுதினா கூலி ஒழுங்காக் குடுக்கிறதில்லையா?"

"கொடுக்கிறார்கள், பெரியவரே."

நம்பிக்கைப்படவில்லை போலும். ஆனால் மற்றக் காலைத் தாமாகவே நீட்டினார்.